சுடுகாட்டு மல்லியில் ஒரு கிராம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்தில் எங்கள் பக்கத்து வீட்டு ஆயாவுக்கு எண்பது நெருங்குகிறது. சர்க்கரை வியாதி பல வருஷமாக உண்டு. கிளினிக் மாத்திரை ஒரு பக்கம். வாசல்படி ஓரத்தில் தானாக முளைத்த செடியிலிருந்து ஏழு இலை பறித்துக் கொதிக்கவைத்து வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் குடிப்பது இன்னொரு பக்கம். நான் டர்பனில் ஓர் ஆய்வகத்தில் மூலிகைகளோடு மல்லுக்கட்டுகிறவன் என்று தெரிந்த நாளிலிருந்து என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான்.

"தம்பி, இந்த இலையக் கொண்டுபோய் உங்க மிஷின்ல போட்டுப் பாரு. மருந்து இருக்கா, இல்லையா? அத மட்டும் சொல்லு."

"ரெண்டு வருஷம் ஆகும் ஆயா."

"ரெண்டு வருஷமா? ரத்தம் குடுத்தா நாளைக்கே ரிசல்ட் வந்துடுது!"

நியாயமான கோபம். ஆனால் ரத்தப் பரிசோதனையில் எதைத் தேடுகிறோம் என்பது முன்கூட்டியே தெரியும். இலையில் தெரியாது. நூற்றுக்கணக்கான பொருட்கள் கலந்து கிடக்கும் ஒரு மூட்டையில், பெயர் தெரியாத ஓர் ஆளைத் தேடும் வேலை அது. அந்த இரண்டு வருஷம் எங்கே போகிறது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

அந்தச் செடி உங்கள் வீட்டிலும் இருக்கலாம். ஐந்து இதழ், இளஞ்சிவப்பு அல்லது வெள்ளை, வருஷம் முழுக்கப் பூக்கும். மங்கலப் பெயர் நித்தியகல்யாணி. ஊர்ப் பெயர் சுடுகாட்டு மல்லி. தாவரவியலில் கேதராந்தஸ் ரோசியஸ். பிறந்த இடம் மடகாஸ்கர். டர்பன் கடற்கரையில் நின்று வடகிழக்கே பார்த்தால் அந்தத் திசைதான். டர்பனைச் சுற்றிய நேட்டால் பகுதியில் சர்க்கரை நோய்க்கு இதைக் குடிக்கும் வழக்கம் பழைய மருத்துவப் பதிவுகளிலேயே உண்டு. ஆக, ஆயா தன்னந்தனியாக எதையும் ஆரம்பித்துவிடவில்லை. இலையை மென்று பார்த்தால் நாக்கு சுருண்டுவிடும். அந்தக் கசப்பில்தான் கதை தொடங்குகிறது.

காரமான மிளகில் காரம் இல்லை

கம்பளிப்பூச்சி வந்தால் செடியால் எழுந்து ஓட முடியாது. அதனால் கடித்தவன் வாய் கசக்கும்படியோ, மயங்கும்படியோ, சாகும்படியோ சில பொருட்களைத் தனக்குள் தயாரித்து வைத்துக்கொள்கிறது. அவற்றில் ஒரு பெரிய குடும்பத்துக்கு ஆல்கலாய்டு என்று பெயர். மூலக்கூறில் நைட்ரஜன் இருக்கும், பெரும்பாலும் ஒரு வளையத்துக்குள். பெரும்பாலானவை காரத்தன்மை உள்ளவை. அதனால்தான் ஆல்கலியைப் போன்றது என்ற பொருளில் 1819-ல் ஜெர்மானிய மருந்தாளுநர் மைஸ்னர் இந்தப் பெயரைச் சூட்டினார். காப்பியின் காஃபீன், புகையிலையின் நிக்கோடின், எட்டிக்கொட்டையின் ஸ்ட்ரிக்னைன், சிங்கோனா பட்டையின் குயினைன், அபினியின் மார்ஃபீன் எல்லாம் ஒரே வம்சம். ஒன்று தூக்கத்தை விரட்டும், ஒன்று உயிரையே விரட்டும்.

தமிழில் மட்டும் இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. நாக்கில் உறைப்பதும் காரம். அமிலத்துக்கு எதிரானதும் காரம். மிளகு உறைப்பதற்குக் காரணமான பைப்பரினும் ஆல்கலாய்டு என்றுதான் வகைப்படுத்தப்படுகிறது. 1819-ல் அதைப் பிரித்தவர் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட். அடுத்த வருஷமே, மின்சாரம் பாயும் கம்பி காந்த ஊசியைத் திருப்பும் என்று காட்டினாரே, அவரேதான். ஆனால் பைப்பரின் வேதியியல் காரமாக நடந்துகொள்வதே இல்லை எனலாம். நைட்ரஜன் இருக்கிறது, ஆனால் அதன் கை கட்டிப்போடப்பட்டிருக்கிறது. அமைடு என்று சொல்வோம். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்திருங்கள். பின்னால் செங்காந்தள் வரும்போது தேவைப்படும்.

மீன் கறியில் புளி

பிரித்தெடுக்கும் தந்திரம் நம் அடுப்படியிலேயே நடக்கிறது. மீன் கவுச்சிக்கு முக்கியமான காரணம் டிரைமீத்தைல் அமீன் என்ற பொருள். நைட்ரஜன் உள்ள ஒரு சின்னக் காரம் அது. ஆவியாகி மூக்குக்கு வந்துவிடும். மீன் மேல் எலுமிச்சை பிழிந்தாலோ, புளியைக் கரைத்து ஊற்றினாலோ அமிலத்தோடு சேர்ந்து உப்பாகிவிடும். உப்பு ஆவியாகாது, தண்ணீரில் கரைந்து அங்கேயே கிடக்கும். டர்பன் மீன் கறியில் புளி ருசிக்குத்தான் போகிறது. கூடவே இந்த வேலையையும் பார்த்துவிடுகிறது.

ஆல்கலாய்டும் அப்படியே. தன் இயல்பு வடிவில் குளோரோஃபார்ம், ஈதர் போன்ற கரிமக் கரைப்பான்களில் கரையும். தண்ணீரை அவ்வளவாகச் சீண்டாது. அமிலம் பட்டால் உப்பாகித் தண்ணீருக்குத் தாவும். அமோனியா ஊற்றி அமிலத்தைத் தீர்த்துவிட்டால் பழையபடி கரைப்பானுக்குத் திரும்பும். இலையில் உள்ள மெழுகுக்கும் கொழுப்புக்கும் பச்சையத்துக்கும் இப்படிக் கட்சி மாறத் தெரியாது. இரண்டு முறை கட்சி மாற வைத்தால் மாறத் தெரிந்தவர்கள் மட்டும் நம் கையில்.

சொல்லும்போது சுலபம். செய்யும்போது முதல் வேலை வேதியியலே இல்லை: செடி எது என்று உறுதிசெய்வது. டர்பனின் வாரிக் சந்திப்பில், பாலத்தின் மேல் இருக்கும் மூலிகைச் சந்தைக்குப் போனால் பட்டையும் வேரும் கிழங்கும் குவிந்திருக்கும். ஸூலு மொழியில் மரத்துக்கும் மருந்துக்கும் உமுத்தி என்று ஒரே சொல். விற்கும் அம்மாக்களுக்குச் சரக்கு அத்துப்படி. ஆனால் இலையும் பூவும் இல்லாத பட்டைத் துண்டை வைத்துக்கொண்டு நான் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரே பெயரில் இரண்டு செடி, ஒரே செடிக்கு மூன்று பெயர் என்பதெல்லாம் நம் நாட்டு மருந்துக் கடையிலும் உண்டுதானே? அதனால் பூவோடு ஒரு கிளையை அழுத்தி உலர்த்தி, உலர்தாவரக் காப்பகத்தில் கொடுத்துப் பதிவெண் வாங்க வேண்டும். டர்பனில் ஜான் மெட்லி உட் என்பவர் 1882-ல் தொடங்கிய காப்பகம் இன்றும் இருக்கிறது. சலிப்பான வேலைதான். இதை விட்டவர்களின் ஆராய்ச்சியை நான் மேற்கொண்டு படிப்பதில்லை.

பிறகு நிழலில் உலர்த்தி, பொடித்து, அமோனியா தெளித்துப் பிசறி, கரைப்பானில் ஊறவைத்து வடிக்க வேண்டும். வடித்ததைப் பிரிபுனலில் ஊற்றி, நீர்த்த அமிலத்தோடு குலுக்க வேண்டும். எண்ணெயும் தண்ணீரும் போல இரண்டு அடுக்காக நிற்கவேண்டியது, பல நாள் மோர் மாதிரி நுரைத்துக்கொண்டு நிற்கும். காலையில் ஆட்டிவிட்டு மாலை வரை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் உண்டு. ஆத்திரத்தில் வேகமாகக் குலுக்கினால் இன்னும் மோசம்.

தண்ணீரில் நிஜமாகவே ஆல்கலாய்டு வந்ததா என்று பார்க்க ஒரு சொட்டு டிராகன்டார்ஃப் கரைசல் போதும். பிஸ்மத்தும் அயோடைடும் கலந்தது. ஆல்கலாய்டு இருந்தால் ஆரஞ்சு நிறத்தில் திரியும். முதல் முறை பார்க்கும் மாணவர்கள் குதிப்பார்கள். குதிக்கட்டும். ஆனால் இது 'யாரோ இருக்கிறார்கள்' என்று மட்டும்தான் சொல்லும். யார், எத்தனை பேர் என்று சொல்லாது. ஆல்கலாய்டு அல்லாத சில பொருட்களுக்கும் இந்த நிறம் வந்து தொலைக்கும். 'ஆல்கலாய்டு உண்டு' என்று ஒரு கூட்டல் குறி போட்டு, அதோடு கட்டுரையை முடித்துப் பட்டம் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். வாசலில் செருப்பு கிடக்கிறது, ஆகவே வீட்டில் ஆள் இருக்கிறது என்கிற அளவு கண்டுபிடிப்பு அது.

காவடி முடிந்த தெரு

நித்தியகல்யாணியில் மட்டும் நூற்று முப்பதுக்கு மேற்பட்ட ஆல்கலாய்டுகள் உண்டு. மேலே சொன்ன தந்திரம் அவர்கள் எல்லோரையும் மொத்தமாக ஒரே பாத்திரத்தில் கொண்டுவந்து தள்ளும். அங்கிருந்து ஒவ்வொருவராகப் பிரிப்பதற்கு வண்ணப்பிரிகை.

தைப்பூசக் காவடி முடிந்து கூட்டம் கலைவதை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் கோயில் வாசலிலிருந்து ஒன்றாகத்தான் புறப்படுகிறார்கள். தெருவின் இரண்டு பக்கமும் கடை. வளையல் கடை ஒவ்வொன்றிலும் நிற்கிறவர்கள் பின்தங்குவார்கள். கடையே கண்ணில் படாதவர்கள் நேரே பஸ்ஸுக்குப் போய்விடுவார்கள். தெருக்கோடியில் நின்று பார்த்தால் கூட்டம் தனித்தனிக் கொத்தாக வந்து சேரும். கண்ணாடிக் குழாயில் அடைத்த சிலிக்கா பொடிதான் அந்தக் கடைத்தெரு. மேலிருந்து ஊற்றும் கரைப்பான்தான் தள்ளிக்கொண்டு போகும் கூட்டம். கீழே சின்னச் சின்னக் குப்பிகளில் பிடித்துக்கொண்டே இருப்போம். இதைக் கண்டுபிடித்த ரஷ்யர் ஸ்வெட், இலையின் நிறப்பொருட்களை வைத்துத்தான் முதலில் செய்து காட்டினார். அவர் குடும்பப் பெயருக்கு ரஷ்ய மொழியில் 'நிறம்' என்றே பொருள். தாய் தகப்பன் முன்கூட்டியே யோசித்து வைத்த மாதிரி இருக்கிறது.

இங்கே என் மானம் போன கதை ஒன்று. ஒருமுறை அழகான, தனித்த ஒரு பொருள் குப்பியில் வந்தது. மூன்று வாரம் அதையே சுத்தம் செய்தேன். யாரும் பார்க்காத புதுப் பொருள் என்று மனதுக்குள் பெயர்கூட வைத்தாயிற்று. கடைசியில் பார்த்தால், பிளாஸ்டிக்கை வளைந்து கொடுக்க வைப்பதற்காகச் சேர்க்கும் தாலேட்டு. கரைப்பானை நான் ஊற்றி வைத்த பிளாஸ்டிக் கேனிலிருந்து கரைந்து வந்திருக்கிறது. இந்தத் துறையில் பலர் விழுந்த பள்ளம்தான். ஆனாலும் நாம் விழும்போது வலிக்கத்தானே செய்யும்.

இப்போது செங்காந்தளுக்கு வருகிறேன். நம் கார்த்திகைப் பூ, தமிழ்நாட்டின் மாநில மலர், குவாஸூலு-நேட்டால் கடற்கரைப் புதர்களில் காட்டுக்கொடியாகவே ஏறிக் கிடக்கிறது. ஊரைவிட்டு இவ்வளவு தூரம் வந்தவர்களுக்கு அந்தப் பூ கண்ணில் படுவது ஒரு தனி சந்தோஷம். ஆனால் கிழங்கு கொடிய விஷம். பூச்செடியாக வளர்க்கிறவர்கள் குழந்தைகளை அண்டவிடக் கூடாது. விஷத்துக்குக் காரணம் கோல்ச்சிசின். மிகச் சிறிய அளவில் அதுவே கீல்வாதத்தின் ஒரு வகையான கவுட் வலிக்கு மருந்து. இதை அமிலத் தந்திரத்தால் பிடிக்கப் போனால் ஏமாந்துவிடுவோம். மிளகின் பைப்பரினைப் போலவே இதன் நைட்ரஜனும் அமைடாகக் கட்டுண்டு கிடக்கிறது. அமிலத்தைக் கண்டு கட்சி மாறாது. கரைப்பானிலேயே சும்மா உட்கார்ந்திருக்கும். 'அமில நீரில் ஒன்றும் இல்லை, ஆகவே இந்தக் கிழங்கில் ஆல்கலாய்டு இல்லை' என்று எழுதிவிட்டால், ஆளைக் கொல்லும் ஆல்கலாய்டைக் கழுவித் தொட்டியில் ஊற்றியவராவோம்.

இன்னொன்று. கோல்ச்சிசின் கரைசலை வெளிச்சத்தில் வைத்தால் வேறு பொருளாக உருமாறும். லூமிகோல்ச்சிசின் என்று அதற்குப் பெயர். அதனால்தான் பழுப்புக் குப்பி, அலுமினியத் தாள் சுற்று. அதிகச் சூடு, கடும் அமிலம், நாள்பட்ட ஊறல் என்று ஒவ்வொன்றும் ஏதாவது ஒன்றை உடைக்கும், மாற்றும். குப்பியில் கிடைத்தது செடி செய்ததா, நாம் செய்ததா என்ற சந்தேகம் கடைசி வரை கூடவே வர வேண்டும்.

பதினான்கு

சுத்தமான பொருள் கையில் வந்த பிறகு அது யார் என்று கேட்க வேண்டும். நிறை நிறமாலைமானி மூலக்கூறை எடைபோடும். அணுக்கரு காந்த ஒத்ததிர்வுக் கருவி, எந்த அணுவுக்குப் பக்கத்தில் எந்த அணு என்று காட்டும்.

நித்தியகல்யாணியின் இரண்டு புகழ்பெற்ற பிள்ளைகள் வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின். இரண்டுமே புற்றுநோய் மருந்து. முதலாவதின் மூலக்கூறு எடை ஏறக்குறைய 811, இரண்டாவதின் எடை 825. வித்தியாசம் 14. நாற்பத்தாறு கார்பன் கொண்ட அவ்வளவு பெரிய மூலக்கூறில் ஒரே ஒரு மூலையில், மீத்தைல் என்ற சின்ன அணுக்கொத்து இருக்கவேண்டிய இடத்தில் ஃபார்மைல் என்ற இன்னொரு கொத்து இருக்கிறது. அவ்வளவுதான். ஆனால் வின்பிளாஸ்டின் எலும்பு மஜ்ஜையை அதிகம் அடிக்கும். வின்கிரிஸ்டின் நரம்பை அதிகம் அடிக்கும். மருத்துவர் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைக் கொடுக்க முடியாது. 'இலையில் மருந்து இருக்கிறது' என்று சொன்னால் ஏன் போதாது என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சான்று இந்தப் பதினான்கு.

செத்த எலிகள் சொன்னது

பிரிப்பதும் சோதிப்பதும் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் வேலை என்று புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள். இல்லை, கைகோத்து நடக்கும். சாற்றை நான்காகப் பிரி, நான்கையும் சோதி, வேலை செய்கிறதை மட்டும் எடுத்து மறுபடி நான்காகப் பிரி. சோதனைதான் விளக்கு, பிரிப்பு கால். விளக்கு எந்தப் பக்கம் பிடிக்கப்படுகிறதோ அந்தப் பக்கம்தான் கால் போகும்.

1952-ல் ஜமைக்காவிலிருந்து ஒரு மருத்துவர், அங்கே சர்க்கரை நோயாளிகள் குடிக்கும் நித்தியகல்யாணி இலையைக் கனடாவுக்குத் தபாலில் அனுப்பினார். பெற்றவர் கிளார்க் நோபிள். இன்சுலின் கண்டுபிடிப்பில் பான்டிங்குக்கு உதவியாளராகப் போவது யார் என்று சார்ல்ஸ் பெஸ்டோடு நாணயம் சுண்டித் தோற்றவர். அவர் இலையைத் தன் தம்பி ராபர்ட் நோபிளிடம் கொடுத்தார். வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் எலிகளுக்குச் சாற்றை வாய்வழியே கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தச் சர்க்கரை அசையவில்லை. ஊசியில் ஏற்றினார்கள். சர்க்கரை அப்போதும் அப்படியே. ஆனால் எலிகள் சில நாளில் செத்தன.

இங்கே கோப்பை மூடிவிட்டு வேறு வேலைக்குப் போயிருக்கலாம். அவர்கள் செத்த எலியை அறுத்துப் பார்த்தார்கள். உடம்பெங்கும் கிருமித் தொற்று. ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சரிந்து கிடந்தன. காவல்காரன் இல்லாத வீட்டில் திருடன் புகுந்த மாதிரி. அந்த நிமிஷத்தில் கேள்வி மாறியது. வெள்ளை அணுவைக் குறைக்கும் பொருள் என்றால், வெள்ளை அணு கட்டுமீறிப் பெருகும் ரத்தப் புற்றுநோய்க்கு? வேதியியலாளர் சார்ல்ஸ் பீர் பிரிக்கப் பிரிக்க, எலியின் வெள்ளை அணு எண்ணிக்கையை விளக்காகப் பிடித்துக்கொண்டு போனார்கள். 1958-ல் வின்பிளாஸ்டின் வெளியுலகுக்கு வந்தது. அதே காலத்தில் எலை லில்லி நிறுவனத்தில், ரத்தப் புற்றுநோய் ஏற்றிய சுண்டெலிகளில் இதே செடியைத் தனியாகச் சோதித்துக்கொண்டிருந்தவர்கள் பக்கமிருந்து வின்கிரிஸ்டின் வந்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் அது முக்கியமான மருந்து.

செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்க நூல்கள் கட்டப்படும். அந்த நூலின் செங்கல்லுக்கு டியூபுலின் என்று பெயர். இந்த ஆல்கலாய்டுகள் செங்கல்லைப் பிடித்துக்கொண்டு விடுவதில்லை. நூல் இல்லை, பிரிவும் இல்லை. வேகமாகப் பெருகும் செல்களுக்கு முதல் அடி: புற்றுநோய், மஜ்ஜை, முடி. செங்காந்தளின் கோல்ச்சிசினும் இதே செங்கல்லை வேறோர் இடத்தில் பிடிக்கிறது.

இன்று முதல் சோதனை எலியில் தொடங்குவதில்லை. பல்லாங்குழி மாதிரி 96 குழி உள்ள பிளாஸ்டிக் தட்டில் செல்களை வளர்த்து, வெவ்வேறு அளவில் பொருளைச் சேர்த்து, பிறகு ஒரு மஞ்சள் சாயத்தை விடுவோம். உயிருள்ள செல் அதை ஊதாவாக்கும். ஊதா குறையக் குறைய, சாவு அதிகம். பாதிச் செல் அடங்கும் அளவு எது என்று கணக்கிடுவோம். வின்பிளாஸ்டினுக்கு அந்த அளவு நானோமோலார் கணக்கில் இருக்கும். அதாவது நம்பமுடியாத அளவு கொஞ்சம்.

ஏமாறும் வழிகளும் இங்கே ஏராளம். பச்சிலைச் சாற்றில் உள்ள சில பொருட்கள் செல்லே இல்லாமல் அந்தச் சாயத்தைத் தாமே ஊதாவாக்கிவிடும். ஆகவே சாறு மட்டும் இருக்கும் குழி ஒன்று, கரைப்பான் மட்டும் இருக்கும் குழி ஒன்று, ஏற்கெனவே தெரிந்த மருந்து இருக்கும் குழி ஒன்று கட்டாயம். நல்ல செல்லையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். 'இந்தக் கீரை புற்றுநோய்ச் செல்லைக் கொன்றது' என்று வாட்ஸ்அப்பில் வந்தால் எத்தனை அளவில், எதோடு ஒப்பிட்டு என்று கேளுங்கள். கிண்ணத்தில் இருக்கும் செல்லைக் கொல்லக் கல்லுப்பே போதும்.

இதெல்லாம் தாண்டினாலும் கையில் சேருவது எவ்வளவு? வின்பிளாஸ்டின் ஒரு கிராமுக்கு நூற்றுக்கணக்கான கிலோ உலர்ந்த இலை வேண்டும். அதற்கும் ஒரு அழகான காரணம் உண்டு. வின்பிளாஸ்டின் என்பது கேதரந்தின், விண்டோலின் என்ற இரண்டு ஆல்கலாய்டுகள் இணைந்து உண்டாவது. செடி கேதரந்தினை இலை மேற்பரப்பு மெழுகிலும், விண்டோலினை உள்ளே செல்களிலும் வைத்திருக்கிறது. பெண் மாடியில், மாப்பிள்ளை கீழ்வீட்டில். கல்யாணம் எப்படி நடக்கும்? 2022-ல் ஈஸ்ட்டின் மரபணுக்களைத் திருத்தி இந்த இரண்டையும் அதற்குள்ளேயே செய்யவைத்து, பிறகு வெளியே இணைத்து வின்பிளாஸ்டின் எடுத்துக் காட்டினார்கள்.

ஆயாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. நோபிளின் எலிகளைப் பற்றி மட்டும் சொன்னேன். பிற்கால எலி ஆய்வுகள் சிலவற்றில் சர்க்கரை இறங்கியதையும் மறைக்கவில்லை. "ஆனா ஆயா, அந்த இலையில வெள்ளை அணுவக் கொறைக்கிற சாமானும் இருக்கு. ஏழு இலையில எது எவ்வளவுன்னு எனக்கும் தெரியாது, உங்க டாக்டருக்கும் தெரியாது. மாத்திரையோட சேத்துக் குடிக்காதீங்க. குடிச்சிட்டு இருந்தத டாக்டர்ட்ட சொல்லிடுங்க."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கொல்லையில் நிற்கும் மரத்தைக் காட்டி, "கறிவேப்பிலையில இந்த மாதிரி ஒண்ணும் இல்லையே?" என்றார்.

"இருக்கு ஆயா. மகானிம்பின்னு ஒண்ணு. இன்னும் நெறைய."

"அப்ப அதையும் நிறுத்தணுமா?"

"குழம்புக்கு நாலு இலதான ஆயா."

சந்தேகமாகத்தான் பார்த்தார். மறுநாள் மீன் கறி வந்தது. தாளிப்பில் கறிவேப்பிலை கொஞ்சம் குறைவுதான்.